தொட்டியில் கொட்டும் முன்: பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் கண்டறிய முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் வீட்டைத் தாங்குவது கறவை மாடுதான். தக்காளிக்கும் மாங்காய்க்கும் என்ன விலை என்பது மண்டிக்குப் போன பிறகுதான் தெரியும். பால் பணம் அப்படி இல்லை, ஓரளவு நம்பி இருக்கலாம். அந்தப் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும்போது கொழுப்பு எவ்வளவு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். மருந்து எச்சம் இருக்கிறதா என்று கேட்பவர் மிகக் குறைவு. காரணம் எளிது: அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் காட்டாது, கொழுப்பு பார்க்கும் கருவியும் காட்டாது.

இப்போது அந்த எச்சத்தைக் காட்டும் கையடக்க பயோசென்சர் ஸ்ட்ரிப்கள் (சோதனைப் பட்டைகள்) கிடைக்கின்றன. பத்து நிமிடத்துக்குள் பதில் சொல்லிவிடும். சங்கச் செயலாளர், பால் பரிசோதிப்பவர், குளிரூட்டும் நிலையத்தில் வேலை செய்பவர், பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருப்பவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் அழுத்தமான கருத்து ஒன்றுதான்: பால் கேனில் இருக்கும்போதே சோதிக்க வேண்டும். பிஎம்சி தொட்டியில் (எல்லோர் பாலையும் மொத்தமாகச் சேர்த்துக் குளிரூட்டும் தொட்டி) கொட்டிய பிறகு சோதித்தால் பாதிப் பயன் போய்விடும். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு ட்யூப் என்ன செய்யும்?

பாலுக்குள் மருந்து வரும் பெரிய வழி மடிநோய் வைத்தியம். காம்பு வழியாக மடிக்குள் ஏற்றும் ட்யூப் ஒன்றில் 200 மில்லிகிராம் அமாக்சிசிலின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி அடுத்த கறவையில் வெளியே வந்தால் 100 மில்லிகிராம், அதாவது 1,00,000 மைக்ரோகிராம். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், பாலில் அமாக்சிசிலினுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். பென்சிலினுக்கும் அதே 4. வகுத்துப் பாருங்கள்: ஒரு மாட்டின் ஒரு வேளைப் பால், 25,000 லிட்டரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். அது ஒரு பெரிய டேங்கர் லாரியின் கொள்ளளவு.

டெட்ராசைக்ளின் வகைக்கு வரம்பு 100 மைக்ரோகிராம், கொஞ்சம் தாராளம். நம் நாட்டில் சட்டப்படி செல்லுபடியாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வெளியிடும் பட்டியல். அது அவ்வப்போது திருத்தப்படுவதால் ஸ்ட்ரிப் வாங்கும் முன் நடப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

2018ல் அதே ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 77ல், அதாவது 1.2 சதவீதத்தில், ஆன்டிபயாடிக் வரம்புக்கு மேல் இருந்தது. சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் பால் தினமும், மூன்று வேளையும், கைக்குழந்தை முதல் எல்லோரும் குடிப்பது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி அளவே தொல்லை கொடுக்கும். எச்சம் உள்ள பாலில் தயிருக்கான உறை நுண்ணுயிர் சரியாக வளராது. எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, சிறு அளவில் மருந்தைப் பார்த்துப் பார்த்துப் பழகும் கிருமிகள். நாளைக்கு நமக்கே அந்த மருந்து தேவைப்படும்போது அவை அசையாது.

காய்ச்சினால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. வீட்டில் ஒரு கொதி வரும் வரை காய்ச்சுவதில் இந்த மருந்துகளில் பெரும்பகுதி அப்படியே தங்கும். தயிர் உறையவில்லை என்றால் மருந்து என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. மார்கழியில் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் குளிருக்கே தயிர் உறையாது.

படி 1: உங்கள் ஊரில் எந்த மருந்து ஓடுகிறது?

ஸ்ட்ரிப் எல்லா மருந்தையும் பார்க்காது. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட மருந்துக் குடும்பங்களை மட்டுமே பிடிக்கும். எனவே கடைக்குப் போகும் முன் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மடிநோய்க்கு, காய்ச்சலுக்கு, கருப்பைத் தொற்றுக்கு எதை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள மருந்துக்கடையிலும் கேளுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் ஊசி எது என்பது அங்கேதான் தெரியும்.

பெரும்பாலும் பட்டியல் இப்படித்தான் அமையும்: பென்சிலின், அமாக்சிசிலின், க்ளாக்சசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை பீட்டா-லாக்டம் குடும்பம். ஆக்சிடெட்ராசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பம். அப்புறம் என்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், சல்ஃபா மருந்துகள். முதல் இரண்டு குடும்பங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் எளிதாகக் கிடைக்கும். தொடங்க அது போதும். உங்கள் ஊரில் என்ரோஃப்ளாக்சசின் அதிகம் என்றால் அதையும் பார்க்கும் நான்கு குடும்ப ஸ்ட்ரிப்பைத் தேடுங்கள்.

படி 2: வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியது

விலையைப் பெட்டிக்குக் கேட்காமல் ஒரு சோதனைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மைக்ரோகிராமில் பிடிக்கும் என்று தந்திருக்கும் அட்டவணை. அந்த எண் சட்ட வரம்புக்குச் சமமாகவோ கீழேயோ இருக்க வேண்டும். வரம்பு 4 என்றிருக்க ஸ்ட்ரிப் 10ல்தான் பிடிக்கும் என்றால் அது உங்களுக்கு உதவாது. வரம்புக்கு மிகவும் கீழேயே பிடிக்கும் ஸ்ட்ரிப்பிலும் ஒரு சங்கடம் உண்டு: சட்டப்படி சரியான பாலையும் அது பாசிட்டிவ் என்று காட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

எருமைப் பாலும் ஊற்றும் சங்கம் என்றால், எருமைப் பாலுக்கும் அந்த ஸ்ட்ரிப் சரிபார்க்கப்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கொழுப்பு கூடும்போது பால் ஸ்ட்ரிப்பில் ஏறும் வேகம் மாறும்.

சிறிய சூடேற்றும் கருவி தேவைப்படும் ஸ்ட்ரிப்களும் உண்டு, அறை வெப்பத்திலேயே வேலை செய்பவையும் உண்டு. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சூடேற்றும் கருவியோடு வருவதையே பரிந்துரைக்கிறேன். ஓசூர் மேட்டில் ஜனவரி விடியற்காலையும், அரூரில் ஏப்ரல் மாலையும் ஒரே அறை வெப்பம் ஆகாது. குளிரில் கோடுகள் மங்கலாக வரும், அதைப் பார்த்து நல்ல பாலைத் தள்ளிவிட நேரும் (கோடு மங்கினால் மருந்து இருப்பதாகப் பொருள், படி 5ல் விளக்குகிறேன்).

பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டு போதும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கூரியரில் வெயிலில் கிடந்து வந்த பெட்டியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

படி 3: மாதிரி எடுப்பது

சோதனை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கேனில் பாலை மேலும் கீழுமாக நன்றாகக் கலக்கிய பிறகு சுத்தமான சிறு பாட்டிலில் 20 முதல் 30 மில்லி எடுங்கள். கேன் எண், தேதி, காலையா மாலையா என்று பாட்டில் மேல் எழுதுங்கள். உடனே சோதிக்காவிட்டால் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

திரிந்த பால், கட்டி கட்டியாக வரும் மடிநோய்ப் பால், கன்று போட்ட முதல் சில நாள் சீம்பால் ஆகியவற்றை இந்த ஸ்ட்ரிப்பில் போடாதீர்கள், பதில் நம்பத்தக்கதாக இருக்காது. அவற்றைச் சங்கத்தில் வாங்கவும் கூடாது. மாட்டுக்கு மருந்து ஏற்றிய கையோடு வந்து மாதிரி எடுப்பதும் ஆபத்து. 4 மைக்ரோகிராம் என்பது விரலில் ஒட்டியிருக்கும் அளவைவிடக் குறைவு.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். ஒருவர் ஊற்றும் 5 லிட்டரில் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் பென்சிலின் இருக்கிறது. அது 40 லிட்டர் கேனில் கலந்தால் 5 மைக்ரோகிராம், ஸ்ட்ரிப் பிடித்துவிடும். அதே பால் 2,000 லிட்டர் தொட்டியில் கலந்தால் 0.1 மைக்ரோகிராம், எந்த ஸ்ட்ரிப்பும் பிடிக்காது. ‘கலந்தால் வரம்புக்குள் வந்துவிடுகிறதே, பிறகு என்ன’ என்று கேட்கலாம். அந்த மாடு நாளைக்கும் கறக்கும். அடுத்த வாரம் அதே வீட்டில் ட்யூப் ஏற்றிய முதல் வேளைப் பால் வரும்போது 40க்குப் பதில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அன்று தொட்டி முழுவதும் கெடும், யாருடைய பால் என்று கண்டுபிடிக்கவும் வழியிருக்காது. நஷ்டம் அத்தனை குடும்பங்களின் தலையிலும் விழும்.

அதற்காக ஒவ்வொருவர் பாலையும் தினமும் சோதிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கேனையும் சோதியுங்கள். ஆனால் கொழுப்பு பார்க்க எடுக்கும் தனித்தனி மாதிரிகளைக் கேன் முடிவு வரும் வரை கொட்டாமல் வைத்திருங்கள். கேன் பாசிட்டிவ் ஆனால் அந்தக் கேனில் ஊற்றிய ஏழெட்டுப் பேரின் மாதிரியை மட்டும் பார்த்தால் போதும்.

படி 4: சோதனை

வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் ஒரு பயோசென்சர்தான். ஒரு உயிரியல் பொருள் தேடும் பொருளைப் பிடிக்கும், அந்தப் பிடிப்பைக் கருவி நிறமாகவோ எண்ணாகவோ மாற்றித் தரும். பால் ஸ்ட்ரிப்பில் பிடிப்பவை ஏற்பிப் புரதங்களும் எதிர்ப்புரதங்களும். அவற்றோடு மிக நுண்ணிய தங்கத் துகள்களை ஒட்டியிருப்பார்கள். நாம் பார்க்கும் சிவப்பு அந்தத் தங்கத் துகள்களின் நிறம்.

பரவலாக உள்ள வகையில் செய்முறை இது. உங்கள் பெட்டியில் உள்ள தாள் வேறு நேரம், வேறு வெப்பம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்ட்ரிப்பையும் சிறு குப்பிகளையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். குளிர்ச்சியோடு திறந்தால் ஈரம் பூக்கும், ஸ்ட்ரிப் கெடும். தேவையானதை மட்டும் எடுத்து டப்பாவை உடனே மூடுங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும்.

சூடேற்றும் கருவியை 40 டிகிரிக்கு வரவிடுங்கள். பெட்டியோடு வந்த பிப்பெட்டால் 200 மைக்ரோலிட்டர் பால் எடுத்துக் குப்பியில் விடுங்கள். அடியில் உலர்ந்திருக்கும் சோதனைப் பொருள் முழுவதும் கரைந்து பால் ஒரே சீரான இளஞ்சிவப்பாகும் வரை ஏழெட்டு முறை உறிஞ்சி விடுங்கள். நுரை வரக் கூடாது. 3 நிமிடம் விடுங்கள். பிறகு ஸ்ட்ரிப்பை அம்புக்குறி கீழே பார்க்க நிறுத்தி இன்னொரு 3 நிமிடம். எடுத்தவுடன் படித்துவிடுங்கள். காய்ந்த பிறகு கோட்டின் நிறம் மாறும், மாலையில் எடுத்துப் பார்த்து வாதாடுவதில் பயனில்லை.

ஒவ்வொரு கேனுக்கும் புதிய பிப்பெட் முனை. மிச்சம் பிடிக்கிறேன் என்று கழுவிப் பயன்படுத்தினால் முந்தைய கேனின் மருந்து அடுத்த கேனுக்குப் போகும்.

படி 5: கோட்டைப் படிப்பது

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் கோடு வந்தால் ‘உண்டு’ என்று பழகியிருக்கிறோம். இங்கே நேர் எதிர்: கோடு வந்தால் மருந்து இல்லை, கோடு மங்கினால் மருந்து இருக்கிறது.

காரணம் இது. ஸ்ட்ரிப்பின் சோதனைக் கோட்டில் மருந்தை முன்கூட்டியே ஒட்டி வைத்திருப்பார்கள். பாலில் மருந்து இல்லாவிட்டால் தங்கத் துகளோடு இருக்கும் ஏற்பி கை காலியாக மேலே ஏறி வந்து, கோட்டில் இருக்கும் மருந்தைப் பிடித்து நின்றுவிடும். கோடு சிவக்கும். பாலிலேயே மருந்து இருந்தால் ஏற்பியின் கை கீழேயே நிரம்பிவிடும். அது கோட்டில் நிற்காமல் தாண்டிப் போகும்.

கட்டுப்பாட்டுக் கோடு என்று ஒன்று எப்போதும் வர வேண்டும். அது வராவிட்டால் சோதனையே செல்லாது, வேறு ஸ்ட்ரிப்பில் திரும்பச் செய்யுங்கள். வந்தால், ஒவ்வொரு சோதனைக் கோட்டையும் தனித்தனியாக அதோடு ஒப்பிடுங்கள். சோதனைக் கோடு அதைவிட அடர்த்தி என்றால் நெகட்டிவ். மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் பாசிட்டிவ். இரண்டும் ஒரே அடர்த்தி என்றால் பல தயாரிப்புகளில் பாசிட்டிவ்வாகவே கொள்ளச் சொல்வார்கள். தாளைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். கேனுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும்போது முடிவு செய்ய உட்கார்ந்தால் முகத்தாட்சண்யம் வந்துவிடும்.

விடியற்காலை மங்கிய பல்பு வெளிச்சத்தில் கோடு பார்ப்பது சிரமம். வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை மேசைக்கு நேர் மேலே போடுங்கள். கோட்டின் அடர்த்தியை எண்ணாகக் காட்டும் சிறு ரீடர் கருவியும் விற்கிறது. நிறைய கேன் வரும் சங்கத்துக்கு அது நல்ல செலவு. இல்லாவிட்டால் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதும்.

நெகட்டிவ் என்றால் ‘இந்த ஸ்ட்ரிப் பார்க்கும் குடும்ப மருந்துகள், அது பிடிக்கும் அளவுக்கு மேல் இல்லை’ என்பது மட்டுமே பொருள். ‘ஆன்டிபயாடிக் இல்லாத பால்’ என்று பலகை எழுதி மாட்டிவிடாதீர்கள்.

தினமும் முதல் கேனுக்கு முன் இரண்டு சரிபார்ப்பு: மருந்தே போடாத மாட்டின் பாலில் ஒன்று, பெட்டியோடு வரும் பாசிட்டிவ் மாதிரியில் ஒன்று. முதலாவது நெகட்டிவ், இரண்டாவது பாசிட்டிவ் என்று வந்தால்தான் அன்றைய சோதனைக்கு மதிப்பு. இரண்டு ஸ்ட்ரிப் வீண் என்று யாராவது சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 6: பாசிட்டிவ் வந்தால்

கேனைத் தனியே ஒதுக்குங்கள். அதே மாதிரியை இரண்டு புதிய ஸ்ட்ரிப்பில் திரும்பச் சோதியுங்கள். மறுபடி பாசிட்டிவ் என்றால் தனி மாதிரிகளுக்குப் போங்கள். ஆளைக் கண்டுபிடித்ததும் எல்லோர் முன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தனியாக அழைத்து, “அக்கா, இந்த வாரம் மாட்டுக்கு ஏதாவது வைத்தியம் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். ஏமாற்ற நினைப்பவர்கள் குறைவு. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததுதான் வழக்கமான காரணம். ஓசூர், வேப்பனப்பள்ளி, தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. மருந்து லேபிளோ ஆங்கிலத்தில் இருக்கும். அந்த நாள் கணக்கை அவரவர் மொழியில் வாய்விட்டுச் சொல்வது சங்கத்தின் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

ஸ்ட்ரிப் முதல் கட்ட வடிகட்டி மட்டுமே. அபராதம், உறுப்பினர் நீக்கம் போன்ற எதையும் அதை வைத்துச் செய்யாதீர்கள். சர்ச்சை வந்தால் மாதிரியை ஐஸில் வைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு எல்சி-எம்எஸ் சோதனைக்கு அனுப்புங்கள். எந்த மருந்து, எத்தனை மைக்ரோகிராம் என்று அதுதான் சொல்லும். இடைப்பட்ட வழியும் உண்டு: வெப்பம் தாங்கும் ஒரு பாக்டீரியாவை 64 டிகிரியில் ஏறக்குறைய 3 மணி நேரம் பாலோடு வளர்க்கும் நுண்ணுயிர்ச் சோதனை. பாக்டீரியா வளர்ந்தால் ஊதா நிறம் மஞ்சளாகும், மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். பல குடும்ப மருந்துகளை ஒன்றாகப் பிடிக்கும் என்பதால் குளிரூட்டும் நிலையத்துக்கு ஏற்றது. காலை வண்டிக்குக் காத்திருக்கும் கிராமச் சங்கத்துக்கு 3 மணி நேரம் தாங்காது.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்குக் கொடுக்காதீர்கள். கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். ஓடையிலும் கொட்டக் கூடாது. கிணற்றுக்குத் தள்ளி குழி வெட்டி ஊற்றி மண் மூடுங்கள்.

படி 7: மாட்டுக் கொட்டகையில் செய்ய வேண்டியது

ஒதுக்கும் நாளைக் கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து எண்ணக் கூடாது. ஒரு காம்புக்கு மட்டும் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள், மருந்து ரத்தம் வழியாக மற்றவற்றுக்கும் போகும். லேபிளில் சொன்னதைவிட அதிகம் போட்டிருந்தால் அந்த நாள் கணக்கு செல்லாது, மருத்துவரைக் கேளுங்கள். பால் வற்றும்போது ஏற்றும் நீண்ட நாள் ட்யூப்பில் தனிக் கவனம் வேண்டும். மாடு குறித்த நாளுக்கு முன்பே கன்று போட்டுவிட்டால் மருந்து பாலில் தங்கியிருக்கும்.

வைத்தியம் நடக்கும் மாட்டின் காலில் சிவப்புத் துணி கட்டுங்கள். வேறு யாராவது பீய்ச்ச வந்தாலும் தெரியும். மாடு, மருந்து, கடைசி ஊசி நாள், பால் ஊற்றலாம் என்ற நாள் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று. ஒதுக்கும் காலம் முடிந்த அன்று அந்த மாட்டுப் பாலைத் தனியே ஒரு ஸ்ட்ரிப்பில் பார்த்துவிட்டு மறுபடி சேர்ப்பது நல்ல வழக்கம். அந்த ஒரு ஸ்ட்ரிப்பின் செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டால் மறைக்கும் எண்ணமே வராது.

மடிநோயே வராமல் பார்த்தால் மருந்தும் குறையும். கறந்தவுடன் மாடு படுக்காமல் கொஞ்சம் தீனி போட்டு நிறுத்துவது, காம்பைக் கிருமிநாசினியில் முக்குவது, தரையை உலர்வாக வைப்பது எல்லாம் பலன் தருபவை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் தடவும் மூலிகை முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆரம்ப நிலையிலேயே தொடங்க வேண்டும். காய்ச்சலோடு மாடு தீனி எடுக்காமல் நின்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962.

பால் தவிர மற்றவை

முட்டை, கோழிக்கறி, மீன், தேன் எல்லாவற்றிலும் எச்சம் வரலாம். ஆனால் பால் ஸ்ட்ரிப்பை அவற்றில் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அரைத்து, கரைசலில் பிரித்தெடுத்து, வடிகட்டிய பிறகே சோதிக்க முடியும், அதற்கென்று தனி ஸ்ட்ரிப்கள் இருக்கின்றன. கோழிப் பண்ணையில் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த 2019ல் இந்தியா தடை செய்தது. பழைய தீவனக் கலவை எதிலாவது அது இன்னும் இருக்கிறதா என்று மூட்டையின் லேபிளைப் பாருங்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கின்றன. கோழி வளர்ப்பவர்களுக்கு ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி. போகும்போது உங்கள் ஊர் மருந்துப் பட்டியலையும் வாங்க நினைக்கும் ஸ்ட்ரிப்பின் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஸ்ட்ரிப் உங்களுக்குப் பொருந்துமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.